600 வெள்ளி சாம்சங்ல இருக்கு, 6,000 வெள்ளி சாம்சங்ல இல்ல! சாம்சங் நம்மள மறந்துருச்சா?

(மேசை மேல ரெண்டு போன்)

ரெண்டும் சாம்சங்தான். இந்தச் சின்னது கேலக்ஸி ஏ06, 600 வெள்ளிக்குள்ள. இந்தப் பெருசு எஸ்25 அல்ட்ரா, 2025ல இறங்குனப்ப 6,000 வெள்ளிய ஒட்டி வந்துச்சு. சின்னதுல மெமரி கார்டு போட ஒரு ஓட்டை இருக்கு, இயர்போன் சொருக இன்னொரு ஓட்டை இருக்கு. பெருச இப்படித் திருப்பிப் பாருங்க, அப்படித் திருப்பிப் பாருங்க, ரெண்டும் கிடையாது. பத்து மடங்கு காசு குடுத்து ரெண்டு ஓட்டைய அடைச்சு வாங்கிட்டு வர்றோம் மக்களே.

வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்லேருந்து நம்ம சேனல். போன வீடியோ கமெண்ட்ல பாதிப் பேரு கேட்டது ஒரே கேள்வி, "அண்ணே, சாம்சங் வாங்கலாமா, இல்ல சைனா போனுக்குப் போயிடலாமா?" நம்ம ஊருல இது சின்னக் கேள்வி கிடையாது. அப்பா சாம்சங், அண்ணன் சாம்சங், பாட்டிக்கு வாங்கிக் குடுத்ததும் அண்ணனோட பழைய சாம்சங்னு ஓடின வீடுங்க இங்க நிறைய. அந்த வீடுங்களே இப்ப யோசிக்குதுன்னா ஏதோ நடந்திருக்கு.

வரலாறு சீக்கிரம் முடிச்சிடறேன், ஏன்னா வரலாறு சொன்னா நீங்க வீடியோவ ஓட்டிவிட்டுடுவீங்கன்னு எனக்குத் தெரியும். 1938, தென்கொரியாவுல டேகு ஊரு, லீ பியுங் சுல்னு ஒருத்தரு கருவாடும் காய்கறியும் வியாபாரம் பண்ண ஆரம்பிச்ச கம்பெனிதான் இது. ஆமா, கருவாடு. அவரு மகன் லீ குன் ஹீ காலத்துல, 1995ல, புதுவருசப் பரிசா குடுத்த போனுங்க சரியா வேல செய்யலன்னு தெரிஞ்சதும் மனுசன் என்ன பண்ணாரு தெரியுமா, குமி ஊரு ஃபேக்டரி வாசல்ல சுமார் 150,000 போன், ஃபேக்ஸ் மிஷின் எல்லாத்தையும் கொட்டி, 2,000 தொழிலாளிங்க பார்க்கப் பார்க்க சுத்தியலால உடைச்சு நெருப்பு வச்சுட்டாரு. மதிப்பு 50 பில்லியன் வோன். வேல செய்யாத போன ஜனங்க கையில குடுத்தா மரியாத போயிடும்னு தன்னோட சரக்கையே கொளுத்தின கம்பெனி. இத மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

இப்ப மெமரி கார்டுக்கு வருவோம். நான் இதுல கொஞ்ச நேரம் உட்காருவேன், ஏன்னா எனக்கு இது ரொம்பப் பிடிச்ச சண்டை.

2014ல சாம்சங்கோட வெலை கூடின எஸ் சீரிஸ்ல எஸ்5 வந்துச்சு. கார்டு போடலாம், பேட்டரிய நகத்தால கழட்டலாம், தண்ணி பட்டாலும் தாங்கும். 2015ல எஸ்6 வந்தப்ப மூணையும் ஒரே அடியா தூக்கிட்டான். கண்ணாடியும் அலுமினியமுமா, பார்க்க அழகா இருந்துச்சு, ஆனா ஜனங்க கத்தின கத்துல அடுத்த வருசம் எஸ்7ல கார்டும் திரும்பி வந்துச்சு, தண்ணி தாங்குறதும் திரும்பி வந்துச்சு, பேட்டரி மட்டும் வரல. அதுதான் எனக்குப் பிடிச்ச சாம்சங், திட்டினா கேட்டுக்குவான். அப்புறம் 2021 ஜனவரி, எஸ்21, மறுபடியும் கார்டு ஓட்டைய அடைச்சான். ஜனங்க மறுபடியும் கத்தினாங்க. இந்தத் தடவ எஸ் சீரிஸ்ல அது திரும்பி வரவே இல்ல.

ஏன் எடுத்தான்? ஸ்பீடுதான் காரணம்னு அந்தப் பக்கம் பேசறவங்க சொல்லுவாங்க, அது பொய்யும் இல்ல. எஸ்23லேருந்து பெரும்பாலான மாடல்ல உள்ள வர்ற யுஎஃப்எஸ் 4.0 மெமரி நொடிக்கு 4,200 மெகாபைட் வரைக்கும் படிக்கும், நம்ம கடையில தொங்குற சாதா மைக்ரோ எஸ்டி கார்டு அதிகபட்சம் 104. அதாவது 40 மடங்கு வித்தியாசம். பெரிய கேம கார்டுல போட்டு விளையாடினா போன் திக்கும், திட்டு யாருக்கு விழும், சாம்சங்குக்குத்தான். சரி, ஒத்துக்கறேன்.

ஆனா நம்ம ஆளுங்க கார்டுல கேமா போட்டாங்க? பாட்டு போட்டாங்க லா! நல்ல தரமான எம்பி3 பாட்டு, 320 கிலோபிட், அது ஓடறதுக்கு நொடிக்கு 40 கிலோபைட் இருந்தா போதும். 104 மெகாபைட் கார்டுல ஒரே நேரத்துல 2,600 பாட்டு ஓட்டற அளவுக்கு ஸ்பீடு இருக்கு, எவன் கேட்பான் 2,600 பாட்ட ஒரே நேரத்துல, திருவிழாவுல கூட நம்ம ஆளுங்க நாலு ஸ்பீக்கரோட நிறுத்திக்குவாங்க.

இந்த ஊருப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல. ஹேன்போன் கடையில கார்ட நீட்டி "தம்பி, சாமி பாட்டு பாதி, பழைய பாட்டு பாதி போட்டுக் குடு"ன்னா, அவன் கம்ப்யூட்டர்ல சொருகி டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நிரப்பிக் குடுத்துடுவான். பாசார் மாலாம்ல ஏற்கனவே நிரப்பின கார்டே விப்பாங்க. அந்த ஒரே கார்டு காலையில போன்ல, சாயங்காலம் லோரி ரேடியோவுல, ராத்திரி வீட்டு ஸ்பீக்கர்ல. செம்பனைக்குள்ள போயிட்டா லைனு ஒரு கோடு வரும், ஒரு கோடு போகும், அங்க ஸ்ட்ரீமிங்ல பாட்டு கேக்கறேன்னு நின்னா சுத்திட்டே இருக்கும் வட்டம், நீங்களும் அத பார்த்துட்டே இருக்கலாம். கார்டுக்கு லைனு வேணாம், மாசக் காசு வேணாம், பாஸ்வேர்டு வேணாம்.

அத விட முக்கியமான ஒண்ணு இருக்கு. போன் தண்ணியில விழுந்து செத்துச்சுன்னு வைங்க, கார்ட கழட்டி தொடச்சு வேற போன்ல போட்டா கல்யாண போட்டோ எல்லாம் பெரும்பாலும் அங்கயே இருக்கும். இப்ப எல்லாம் போனுக்குள்ளயே இருக்கு, போன் போச்சுன்னா போட்டோவும் போச்சு, இல்லன்னா கிளவுடுக்கு மாசாமாசம் கட்டு. 128 ஜிபி கார்டு ஒண்ணு 100 வெள்ளி கூட வராது, அதே இடத்த போனுக்குள்ளயே வாங்கணும்னா பெரிய ஸ்டோரேஜ் மாடலுக்குச் சில நூறு வெள்ளி ஏறும். ஸ்பீடு உண்மையான காரணம்தான், ஆனா காசும் அதே ஓட்டை வழியாத்தான் உள்ள போகுதுன்னு நான் நினைக்கறேன். நீங்க என்ன நினைக்கறீங்க, கமெண்ட்ல சண்ட போடுங்க, மரியாதையா.

இப்ப அடுத்த கட்டம். 2025ல நடுத்தர வெலை ஏ56, ஏ36 ரெண்டுலயும் கார்டு ஓட்டை போச்சு. ஏ26ல இருக்கு, அதுலயும் ரெண்டாவது சிம் போட்டா கார்டு போட முடியாது. மேலேருந்து கீழ ஒவ்வொரு படியா இறங்கி வர்றான். ஏ15 வரைக்கும் இருந்த இயர்போன் ஓட்டை ஏ16ல இல்ல. ஏ06 வாங்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், அனுபவிங்க.

(திரையில்: முன்னந்தலையில பள்ளம் விழுந்த மாதிரி முடி வெட்டின ஒருத்தரு படம்)

இது யாருன்னு கேக்கறீங்களா? 2017ல சாம்சங் ஒரு விளம்பரம் விட்டுச்சு, ஐபோன் வச்சிருக்கிற பையன் பத்து வருசமா இடமில்லாம, இயர்போனுக்கு தனி ஒயர் தேடித் தேடி கஷ்டப்பட்டு, கடைசியில நோட் 8க்கு மாறுவான். ஆப்பிள் கடை வாசல்ல நிக்கிற ஒருத்தனுக்கு ஐபோன் எக்ஸ் திரை மேல இருக்கிற பள்ளம், அந்த நாட்ச் மாதிரியே முடி வெட்டி விட்டிருப்பாங்க, நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே. சரி, 2019ல நோட் 10 வந்துச்சு, இயர்போன் ஓட்டை இல்ல, அந்த விளம்பரத்த சத்தமில்லாம அமெரிக்க சேனல்லேருந்து தூக்கிட்டாங்க. 2020 அக்டோபர், ஐபோன் 12 பெட்டியில சார்ஜர் இல்லன்னதும் சாம்சங்கோட கரிபியன் பக்கத்து ஃபேஸ்புக்ல சார்ஜர் படத்தப் போட்டு "எங்க கேலக்ஸியோட இது வரும்"ங்கற மாதிரி கிண்டல். மூணு மாசம் கழிச்சு எஸ்21, பெட்டியில சார்ஜர் இல்ல, அந்தப் போஸ்ட்டும் இல்ல. ரொட்டி சானாய் கேட்டா தட்டுல ரொட்டி மட்டும் வச்சு "குழம்பு உங்க வீட்டுல ஏற்கனவே இருக்கும்தானே, சுற்றுச்சூழலுக்கு நல்லது"ன்னு மாமாக் அண்ணன் சொன்னா எப்படி இருக்கும், அதுதான். வெலைய குறைச்சானேன்னு ஒருத்தரு வருவாரு, ஆமா, எஸ்21 அதுக்கு முந்தினத விட கம்மி வெலையிலதான் இறங்குச்சு, அத நானும் மறைக்கல.

ஆனா கோவம் வந்தது சார்ஜருக்காக மட்டும் கிடையாது. 2022 மார்ச்சுல வந்த விஷயம்தான் எனக்கு நெஞ்சுல குத்துச்சு. கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ்னு ஒண்ணு, போன் சூடாகாம இருக்க கேம் ஓடும்போது ஸ்பீட அடக்கி வைக்கும். அதோட லிஸ்ட்னு வெளிய வந்ததுல கிட்டத்தட்ட 10,000 ஆப் பேரு. ஸ்பீடு சோதிக்கிற ஆப்பு மட்டும் அதுல இல்ல! அதாவது பரீட்சை நடக்கும்போது போன் ஓடும், வேல நேரத்துல நடக்கும். போன் ஸ்பீட சோதிக்கிற ஆப்பு கீக்பெஞ்ச் காரங்க எஸ்10லேருந்து எஸ்22 வரைக்கும் நாலு தலைமுறைய அவங்க பட்டியல்லேருந்தே தூக்கிட்டாங்க. அப்புறம் ஆஃப் பண்ண வழி குடுத்தாங்க, பங்குதாரர் கூட்டத்துல கம்பெனித் தலைவரு ஹான் ஜோங் ஹீ மன்னிப்பும் கேட்டாரு. 1995 நெருப்ப இப்ப நினைச்சுப் பாருங்க.

எக்ஸினோஸ் கதை ஒரே மூச்சுல: 2020ல எஸ்20 நம்ம மலேசியாவுக்கு சாம்சங்கோட சொந்தச் சிப்பு எக்ஸினோஸ் 990ல வந்துச்சு, சொந்த நாடான கொரியாவுல அதே போனு அமெரிக்கச் சிப்பு ஸ்னாப்டிராகன் 865ல வித்துச்சு. தான் சமைச்சத தானே சாப்பிடல. எஸ்23ல உலகம் முழுக்க ஸ்னாப்டிராகன், அப்பாடான்னு இருந்தோம், எஸ்24ல அல்ட்ரா தவிர மத்தது நமக்கு மறுபடியும் எக்ஸினோஸ். எக்ஸினோஸ் 2400 அவ்வளவு மோசமில்லங்கறதையும் சொல்லிடறேன், இல்லன்னா அந்தப் போன் வச்சிருக்கிற என் மச்சான் வீட்டுப் பக்கம் போக முடியாது.



பேட்டரிக்கு வாங்க, ஏன்னா சைனா போன் ஜெயிக்கிற இடம் இது. 2020ல எஸ்20 அல்ட்ராவுல 5,000 எம்ஏஎச். 2025ல எஸ்25 அல்ட்ராவுல? அதே 5,000. இடையில அந்தப் பக்கம் சிலிக்கான் கார்பன் பேட்டரின்னு ஒண்ணு வந்துடுச்சு, பேட்டரியோட ஒரு முனையில வெறும் கிராஃபைட்டுக்குப் பதிலா சிலிக்கான் கலந்தா அதே பருமனுக்குள்ள நிறைய கரண்ட்டு அடங்கும். சிலிக்கான் சார்ஜ் ஏறும்போது ஊதிக்கும், அத அடக்கறதுதான் வித்தை. 2023ல ஹானர் மேஜிக்5 ப்ரோவோட சைனா மாடல்ல அது வந்துச்சு, இப்ப 6,000, 7,000ன்னு சாதாரணமா போடறாங்க. சாம்சங் ஏன் அவசரப்படலன்னா, 2016 நோட் 7 ஞாபகம் இருக்கும்ல, பேட்டரி தீப்பிடிச்சு, மாத்திக் குடுத்ததும் தீப்பிடிச்சு, மாடலையே நிறுத்தினாங்க. சூடு கண்ட பூனைன்னு நான் இத புரிஞ்சுக்கறேன், ஆனா காலையில அஞ்சு மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்பறவங்களுக்கு எதுக்கு இந்த நியாயம், அவங்களுக்கு ராத்திரி வரைக்கும் சார்ஜ் நிக்கணும்.

எஸ்25 அல்ட்ராவுல எஸ் பென்னோட புளூடூத்தையும் எடுத்துட்டான். பேனா பட்டன அமுக்கி தூரத்துலேருந்து குரூப் போட்டோ எடுப்பாங்கல்ல தமிழ்ப்பள்ளி டீச்சருங்க, அவங்களுக்கு ஒரு நிமிசம் மௌனம்.

அப்ப சாம்சங் கத முடிஞ்சுதா? போன் விற்பனைய கணக்கெடுக்கிற ஐடிசி கணக்குல 2023ல ஆப்பிள் 234.6 மில்லியன் போன், சாம்சங் 226.6 மில்லியன். 2010க்கு அப்புறம் முதல் தடவையா சாம்சங் முதல் இடத்த விட்டுச்சு. 2024லயும் ஆப்பிள்தான் முன்னாடி. ஆனா 220 மில்லியனுக்கு மேல விக்கிற கம்பெனிய செத்துப்போச்சுன்னு சொல்றது யூடியூப் தம்ப்நெயிலுக்கு நல்லா இருக்கும், உண்மை கிடையாது.

என்னோட கணக்கு இது. ஆப்பிள்ல இல்லாதது இங்க இருக்குன்னுதான் நம்ம ஆளுங்க சாம்சங் வாங்கினாங்க. கார்டு, ஓட்டை, சார்ஜர், பேட்டரி, அதுதான் அவனோட கடையே. ஆப்பிளப் பார்த்துப் பார்த்து ஒவ்வொண்ணா எடுத்துட்டு, அதுக்குப் பதிலா குடுத்தது கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு: அப்டேட். 2024 எஸ்24லேருந்து ஏழு வருசம் அப்டேட், ஏ16 மாதிரி சின்ன போனுக்கே ஆறு வருசம். இது சின்ன விஷயமில்ல மக்களே, இத நான் கிண்டல் பண்ண மாட்டேன், இந்த வெலையில இவ்வளவு நாள் சொல்ற ஆளு ரொம்பக் கம்மி. ஆனா கடையில போய் நிக்கிற அம்மாகிட்ட ஆறு வருசம் செக்யூரிட்டி பேட்ச்னு சொல்லிப் பாருங்க, "பாட்டு போட கார்டு எங்க தம்பி"ன்னுதான் கேப்பாங்க. தவுக்கேயும் சட்டுனு சைனா போன எடுத்து நீட்டிடுவாரு, பெட்டியில சார்ஜரும் இருக்கும், கவரும் இருக்கும்.

அதனால அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாங்கறதா இருந்தா என் ஓட்டு ஏ26, கார்டும் போடலாம், ஆறு வருச அப்டேட்டும் இருக்கு. சார்ஜர் தனியா வாங்கணும், தவுக்கேகிட்ட பேரம் பேசி இலவசமா கறந்துடுங்க. செம்பனைக்குள்ள வேல, நாள் முழுக்க வெளிய, அப்படின்னா பெரிய பேட்டரி சைனா போனுக்கே போங்க, ஆனா எத்தன வருசம் அப்டேட்னு அந்த மாடல் பேரப் போட்டுப் பார்த்துட்டுப் போங்க. 6,000 வெள்ளிக்கு அன்சுரான் கட்டி அல்ட்ரா வாங்கறவங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கு, நீங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டுத்தான் இந்த வீடியோவ பார்க்கறீங்க.

ஒரு வேல செய்ங்க இப்ப. கையில இருக்கிற போன்ல செட்டிங்ஸ், அபௌட் போன், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன், அதுல செக்யூரிட்டி பேட்ச் தேதி இருக்கும். அந்தத் தேதிய மாடல் பேரோட கமெண்ட்ல போடுங்க. ரெண்டு மூணு வருசப் பழசா இருந்தா அந்தப் போன்ல பேங்க் ஆப்பு மட்டும் வேணாம்.