எது எதற்காகக் காத்திருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும் மென்பொருளின் வடிவமைப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் என் கை தானாகப் பென்சிலைத் தேடும். வானொலியில் அதற்கு வழியில்லை. ஆகவே ஒரே ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 5.

இந்த 5 கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. இரண்டு த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலை ஓட்டங்கள், வந்து அதோடு ஆளுக்கு ஒன்றைக் கூட்ட வேண்டும். விடை 7 தானே? நிரலில் அது ஒரே வரி. செயலிக்கோ, அதாவது கணினியின் பிராசஸருக்கோ, மூன்று வேலை: எண்ணைப் படி, ஒன்றைக் கூட்டு, திருப்பி எழுது. முதல் த்ரெட் 5ஐப் படித்த கையோடு இரண்டாவதும் அதே 5ஐப் படித்துவிட்டால், இரண்டுமே 6 என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஒரு கூட்டல் காணாமல் போயிற்று. எச்சரிக்கை எதுவும் வராது. இதற்குத்தான் ரேஸ் கண்டிஷன் என்று பெயர்.

சோதித்தால் அகப்படாதா என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றும் பத்துப் படிகள் கொண்ட இரண்டு த்ரெட்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடக்கூடிய வரிசைகள் 1,84,756. மூன்றாவதாக அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்தால் ஐந்தரை லட்சம் கோடியைத் தாண்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படியொரு பிழையைத் தேடி, நிரலுக்குள் பதிவு எழுதும் வரி ஒன்றைச் சேர்த்தோம். பிழை மறைந்தது. வரியை எடுத்தோம், திரும்பி வந்தது. அந்த வரி எடுத்துக்கொண்ட துளி நேரமே வரிசையை மாற்றிவிட்டிருந்தது. "வரி அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றார் ஒருவர். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். மீதிப் பாதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் முதலில் காகிதத்தில் வரைய வேண்டும். எதை வரைவது? மென்பொருளின் பகுதிகளைக் காட்ட நாம் வழக்கமாகப் போடும் கட்டங்கள் போதாது. த்ரெட் என்பது கட்டம் அல்ல, கட்டங்களுக்குள் புகுந்து போகிற ஓட்டம். ஒரே கட்டத்துக்குள் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்கள் இருக்கலாம் என்பதை அந்தப் படம் சொல்லாது. கார்ல் ஆடம் பெட்ரி என்ற ஜெர்மன் கணினி அறிஞர் 1962இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அடித்தளமிட்ட பெட்ரி வலை அதைச் சொல்லும். வட்டம் ஒரு நிலை, கோடு ஒரு நிகழ்வு, வட்டத்துக்குள் புள்ளிகள். ஒரு நிகழ்வை நோக்கி அம்பு விடும் எல்லா வட்டங்களிலும் புள்ளி இருந்தால்தான் அது நடக்கும். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான லாக் என்பது ஒரே புள்ளி கொண்ட வட்டம். எடுத்தவர் போகலாம், மற்றவர் நிற்கலாம்.

ஆனால் லாக்கை மட்டும் வரைந்தாலும் ஏமாறுவோம். 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தன்னைத்தானே மீண்டும் மீண்டும் தொடங்க ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலை, முன்னுரிமை குறைந்தது, ஒரு மியூடெக்ஸை, அதாவது ஒரு லாக்கைக் கையில் வைத்திருந்தது. அதற்காக, முன்னுரிமை மிகுந்த இன்னொரு வேலை காத்திருந்தது. இடையில் நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல்தொடர்பு வேலை வந்து வானிலை வேலையை ஒதுக்கிவிட்டு ஓடியது. உயர்ந்தது நேரத்துக்கு முடியாததைக் கண்ட கண்காணிப்பு அமைப்பு, கணினியையே ரீசெட் செய்தது. லாக்கை வைத்திருப்பவர், காத்திருப்பவரின் முன்னுரிமையைக் கடனாகப் பெறட்டும் என்ற வசதி அந்த இயங்குதளத்திலேயே இருந்தது, முடக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கிவிட்டார்கள்.

அந்த நடுத்தர வேலை மியூடெக்ஸைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். லாக் படத்தில் அது தென்பட்டிருக்காது. அதனால் நான் இரண்டு வகை அம்புகள் வரைகிறேன்: லாக்குக்காகக் காத்திருப்பது, செயலிக்காகக் காத்திருப்பது. அம்புகள் சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே தொட்டால் டெட்லாக்: ஒன்றுக்காக ஒன்று காத்து, எதுவும் நகராது. லாக்குகளுக்கு எண் கொடுத்து, எல்லோரும் ஏறுவரிசையில்தான் எடுக்க வேண்டும் என்று வைத்தால் லாக்குகளால் அந்த வளையம் உருவாகாது.

நினைவகத்தைப் பகிராமலே இருந்துவிட்டால்? பிரிட்டிஷ் கணினி அறிஞர் டோனி ஹோர் 1978இல் எழுதிய வழி அது: நினைவகத்தைப் பகிராத தனித்தனி ஓட்டங்களான பிராசஸ்கள், இடையே செய்திகள் மட்டும். எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். நம் 5 ஒரே ஒருவர் வசம் இருக்கும். ஆயினும் ஒன்று மற்றொன்றுக்கு அனுப்ப நிற்கையில் மற்றதும் இதற்கே அனுப்ப நின்றால், வாங்க ஆளில்லாமல் இரண்டும் நின்றுவிடும். அங்கே மூன்றாவது வகை அம்பு ஒன்று வேண்டும். வணக்கம்.