அண்ணன்மார் கேட்க 17 வருடம் ஆனது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மத்தியானச் சபை விருந்தான அசனத்துக்குப் பாத்திரம் கழுவிய கை காய்வதற்குள் வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

மன்னிப்புக் கேட்பது கடினமா, மன்னிப்பது கடினமா என்பது தலைப்பு. கேட்பதே கடினம் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய அக்கா, மன்னிப்பதே கடினம் என்று சொல்லி, யோசேப்பைக் காட்டி எல்லோர் கண்ணையும் கலங்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குழியில் தள்ளி, 20 வெள்ளிக்காசுக்கு விற்ற அண்ணன்மாரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாரே, அது லேசான காரியமா என்று கேட்டார். லேசில்லைதான். ஆனால் அக்கா ஆதியாகமத்தை 45-ஆம் அதிகாரத்தோடு மூடிவிட்டார். நான் 50-ஐத் திறக்கிறேன்.

யோசேப்பு மன்னித்தாயிற்று. அப்பா யாக்கோபு, யோசேப்பு அதிகாரியாயிருந்த எகிப்துக்கு வந்து 17 வருடம் வாழ்ந்தார். அந்த 17 வருடத்தில், "தம்பி, நாங்கள் உனக்குச் செய்தது பாவம், மன்னித்துவிடு" என்று அண்ணன்மாரில் ஒருவராவது அவரிடம் சொன்னதாக வேதத்தில் இல்லை. அப்பா கண்ணை மூடினார். இவர்களுக்குப் பயம் வந்தது. அப்போதாவது நேரில் போனார்களா? ஆள் அனுப்பினார்கள்! என்ன சொல்லி அனுப்பினார்கள் தெரியுமா? "எங்களை மன்னிக்கும்படி உம்மிடம் சொல்லச் சொல்லி அப்பா சாகுமுன் கட்டளையிட்டார்" என்று. அப்பா அப்படிச் சொன்னதாக வேறெங்கும் எழுதியிருக்கவில்லை. பத்து பேர் சேர்ந்தும் ஒரு மன்னிப்பைத் தங்கள் பெயரில் கேட்க முடியாமல், செத்துப்போன அப்பா பெயரில் கேட்கிறார்கள். மன்னித்தவர் ஒற்றை ஆள், நடுவர் அவர்களே. கேட்க முடியாமல் தவித்தவர்கள் பத்து பேர்.

நம் வீட்டில் மட்டும் என்ன? "அம்மா, அப்பாகிட்ட நீ சொல்லேன்" என்பதும் ஆள் அனுப்புவதுதான். இன்னொரு வகை இருக்கிறது. "நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க." அது என்ன 'இருந்தா'? பேசியது உனக்குத் தெரியாதா? விலக்கின கனியைத் தின்றாயா என்று கடவுள் கேட்டபோது ஏதேனில் ஆதாம் ஆரம்பித்து வைத்தது இது. "நீர் எனக்குத் தந்த ஸ்திரீயானவள்" என்று ஒரே வாக்கியத்தில் பெண்டாட்டியையும் கடவுளையும் சேர்த்து மாட்டிவிட்டார்.

மலைப்பிரசங்கத்துக்கு வாருங்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. அதை அவர் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், மூன்று நாள் நடை. கேட்டுக்கொண்டிருந்த விவசாயியும் மீன்பிடிக்காரனும் கணக்குப் போட்டிருப்பார்கள்: ஆட்டை அங்கே விட்டுவிட்டு மூன்று நாள் நடந்து ஊருக்கு வந்து, தம்பி காலில் விழுந்து, மறுபடி மூன்று நாள் நடக்க வேண்டும். மன்னிக்கிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். நடக்க வேண்டியவன் தப்பு செய்தவன்.

நடந்தால் மட்டும் போதுமா? எரிகோவில் சகேயு என்ன செய்தார்? ஏமாற்றி எடுத்ததை ஒப்புக்கொண்டால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு என்கிறது நியாயப்பிரமாணம். ஆயிரம் ரூபாய்க்கு ஆயிரத்து இருநூறு. சகேயு எழுந்து நின்று, நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறார். ஆயிரத்துக்கு நாலாயிரம்! அதற்கு முன்பே சொத்தில் பாதியை ஏழைகளுக்கு எழுதிவைத்தாயிற்று. வரி வசூலித்தே பணம் சேர்த்த கை அது. மன்னிக்கிறவருக்குப் பையில் இருந்து போவது ஒன்றுமில்லை.

எதிரணி அண்ணாச்சி ஒருவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைச் சொன்னார். 1999 ஜனவரியில், ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவரையும் இரண்டு பையன்களையும் எரித்துக் கொன்றார்கள். மன்னிக்கிறேன் என்றார் அந்த அம்மா. அங்கே நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த ஒரு இடத்தில் எதிரணி சொல்வதுதான் சரி. ஆனால் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் நம்முடைய பாக்கிக் கணக்கு அந்த அளவு கிடையாது. நம்முடையது வரப்பு, நகை, கல்யாணத்துக்குக் கூப்பிடாதது.

இன்னொரு உதாரணம். நம் சபைக்காரர் இல்லை, கத்தோலிக்கர், ஆனாலும் சொல்கிறேன். போப் இரண்டாம் யோவான் பவுலை 1981 மே 13 அன்று வத்திக்கானில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். நாலாம் நாளே ஆஸ்பத்திரியில் இருந்து, என்னைச் சுட்ட சகோதரனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லியனுப்பினார். இரண்டு வருடம் கழித்து சிறைக்கே போய் அவனோடு உட்கார்ந்து பேசினார். சரி. அதே போப்தான், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவின் விஷயத்தில் கத்தோலிக்க சபை தவறு செய்தது என்று ஒப்புக்கொண்டவர். எப்போது? 1992-இல். கலிலியோவுக்குத் தீர்ப்பு சொன்னது 1633-இல். மன்னிக்க நாலு நாள், தப்பை ஒப்புக்கொள்ள 359 வருடம்! அது நிறுவனம், இது தனி ஆள் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். நிறுவனத்துக்கு என்று தனியாக வாய் இருக்கிறதா? அங்கேயும் யாரோ ஒருவர்தான் எழுந்து சொல்ல வேண்டும். இத்தனை தலைமுறையாக யாரும் எழுந்திருக்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். அரை நிமிடம், நடுவர் அவர்களே.

நானும் என் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. கிணற்றுப் பங்கு விஷயம். தப்பு என் பேரில்தான், என் வீட்டுக்காரிக்கும் தெரியும். இந்தப் பேச்சைத் தயார் பண்ண நான் பத்து ராத்திரி முழித்தேன். அவன் வீடு இங்கிருந்து மூன்றாவது தெரு. இன்று மத்தியானம் அசனத்தில் குழம்பு வாளியோடு வந்தவன் என் இலைக்கு நேரே நின்றான். ஊற்றினான். நான் "போதும்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.