பெட்டியில் போட்ட சீட்டுக்குப் பதில் வந்ததா?

வணக்கம் நேயர்களே. வேலையிடத்தில் தலைமைத்துவமும் புத்தாக்கமும். இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. செயற்கை நுண்ணறிவில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கும். தொழிற்சாலைகளில் கேன்டீன் வாசலில், பஞ்ச் கார்டு கடிகாரத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருப்பார்கள். மேலே ஒரு துளை, முன்னால் ஒரு பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எப்போதாவது திறந்தால் சூயிங்கம் சுற்றிய தாள் கிடைக்கும். 1992இல் சிங்கப்பூரில் சூயிங்கத்துக்குத் தடை வந்த பிறகு மிட்டாய்த் தாள். அதுதான் ஆலோசனைப் பெட்டி.

கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அதற்கு ஒரு கதை உண்டு. 1950இல் ஜப்பானிலிருந்து டொயோட்டா கார் நிறுவனத்தின் எய்ஜி டொயோடா அமெரிக்காவுக்குப் போய் ஃபோர்டு கார் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளர்களிடம் யோசனை கேட்டு வாங்கும் ஒரு முறை அங்கே இருந்தது. மறு வருடமே டொயோட்டா அதைத் தன்னிடம் தொடங்கிவிட்டது. அப்புறம் 1962இல் ஜப்பானில் தரக்கட்டுப்பாட்டு வட்டங்கள் வந்தன. ஒரே பிரிவில் வேலை செய்யும் சிலர் உட்கார்ந்து பேசி, தங்கள் வேலையில் உள்ள சிக்கலைத் தாங்களே தீர்த்துக்கொள்வது. நம் ஊரில் 1981இல் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியது. அதே வருடம் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் வந்தன. மறு வருடம் அந்த இயக்கத்தின் சின்னமாக டீமி என்ற தேனீ. அந்தத் தேனீயைத் தெரியாத இளையவர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், சிலர் பாட்டே பாடிக் காட்டுவார்கள்.

சரி, சில இடத்தில் வேர் பிடித்த இது பல இடத்தில் ஏன் பிடிக்கவில்லை? நான் பல வருடமாகச் சொல்லி வருவது ஒன்றைத்தான். பதில். சீட்டுப் போட்டவருக்குப் பதில் வந்ததா, இல்லையா?

ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை. கேசட் ரேடியோ செய்தோம். நான் லைன் சூப்பர்வைசர். என் லைனில் ஓர் அக்கா இருந்தார், மலாய்க்காரர். விடியும் முன்பே ஜொகூரிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் வந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். எங்கள் லைனில் இரண்டு வகை ஸ்க்ரூ. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளம், பார்த்தால் சட்டென்று தெரியாது. குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய இடத்தில் நீளமானதை முடுக்கினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைக் குத்திவிடும். சோதனை மேசையிலிருந்து ரேடியோ திரும்பி வரும். பிரித்து, போர்டு மாற்றி, மறுபடி மூட வேண்டும். தினமும் இதே தலைவலி.

அக்கா பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டார். ஸ்க்ரூ தட்டுகளுக்குச் சிவப்பு, நீலம் என்று பெயின்ட் அடியுங்கள், அவ்வளவுதான். அப்போது புதிதாக ஒரு ஜப்பானிய மேலாளர் வந்திருந்தார். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக லைனுக்கு வந்து அக்கா பக்கத்தில் நின்றார். அக்காவுக்கு முகமே வெளுத்துவிட்டது, வேலை போயிற்று என்றே நினைத்துவிட்டார். நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் நான். மேலாளர் சொன்ன பதில்: முடியாது. பெயின்ட் நாளடைவில் உரியும், துகள் ரேடியோவுக்குள் விழும். சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. கை எந்த இடத்தில் தவறுகிறது, செய்து காட்டுங்கள் என்றார். அக்கா செய்து காட்டினார். இரண்டு தட்டும் ஒரே பக்கம் இருந்தன. கண் ரேடியோமேல் இருக்கிறது, கை தானாகப் போய் எதையோ எடுக்கிறது. மேலாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து அக்காவிடமிருந்து இரண்டாவது சீட்டு. பெயின்ட் வேண்டாம், நீள ஸ்க்ரூவை இடது கைப் பக்கம் வையுங்கள், குட்டையை வலது கைப் பக்கம். ஒரு காசு செலவில்லை. மறுநாளே மாற்றினோம். திரும்பி வரும் ரேடியோக்கள் மளமளவென்று குறைந்தன. அதோடு, அதுவரை வாயே திறக்காத மற்றவர்களும் சீட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

எல்லாரும் அந்த இரண்டாவது சீட்டைத்தான் பாராட்டுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது முதல் சீட்டுக்கு வந்த ‘முடியாது’. காரணத்தோடு, நேரில் வந்து சொன்ன ‘முடியாது’. பக்கத்துப் பிரிவில் இருந்தவர் ரொம்ப நல்லவர். எந்தச் சீட்டு வந்தாலும் அருமை என்பார், பேரங்காடியில் பொருள் வாங்கப் பற்றுச்சீட்டு ஒன்று கொடுத்துக் கைகுலுக்குவார். அப்புறம் ஒன்றும் நடக்காது. சில மாதத்தில் அங்கே பெட்டி காய்ந்துபோயிற்று.

இப்போது பெட்டி இல்லை. வாட்ஸ்அப் குழு இருக்கிறது, கியூஆர் குறியீடு இருக்கிறது, மாதம் ஒருமுறை எல்லா ஊழியர்களையும் கூட்டிவைத்துப் பேசும் முதலாளி இருக்கிறார். பேசி முடித்து, கேள்வி உண்டா என்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம். சீனர் வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் அப்படித்தான். என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்று சொல்கிற முதலாளிகளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கதவு திறந்திருந்தாலும் அதுவரை நடக்க வேண்டியவர் ஊழியர்தானே? டொயோட்டாவில் லைனுக்கு மேலே ஒரு கயிறு ஓடும். கோளாறு கண்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் குழுத் தலைவர் அவர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். அங்கே நடக்க வேண்டியவர் தலைவர்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டுகிறார். செயற்கை நுண்ணறிவுக்கு இன்னொரு நாள்தான் கூப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு பற்றி அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர், வேலை நேரத்தை மாற்றவோ வீட்டிலிருந்து வேலை செய்யவோ முறைப்படி கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். செலவு கூடும், வேலை கெடும் என்பதெல்லாம் காரணம். எங்கள் நிறுவனத்தில் அது வழக்கமில்லை என்பது செல்லாது. முழு விவரம் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. கேட்க நினைத்துத் தயங்குபவர்கள் படித்துவிட்டு எழுத்திலேயே கேளுங்கள். வணக்கம்.