தட்டம்மைக்கு இரண்டாவது ஊசி எதற்கு?

[திரையில்: தடுப்பூசி அட்டை. 9 மாதம், 16–24 மாதம் என்ற இரண்டு கட்டங்கள்.]

ஒன்பது மாதம் முடிந்ததும் குழந்தைக்கு எம்.ஆர். ஊசி, அதாவது தட்டம்மையையும் ரூபெல்லாவையும் தடுக்கும் ஊசி, போட்டாயிற்று. ஒன்றரை வயதில் அதே ஊசியை மறுபடியும் போடச் சொல்கிறார்கள். "முன்னமே போட்டாச்சே?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். "சக்தியைக் கூட்ட" என்று பலர் சொல்லும் பதில்தான் சரியில்லை.

[திரையில்: கருப்பையில் குழந்தை, நஞ்சுக்கொடி.]

பிறக்கும் முன்பே அம்மாவின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சேர்ந்துவிடும். ஊசியில் இருப்பதோ வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ். அது உடம்பில் கொஞ்சமாவது பெருகினால்தான் வெள்ளணுக்கள் அதை அடையாளம் கண்டு நினைவில் வைக்கும். அம்மா தந்தது மிச்சம் இருந்தால் வைரஸைப் பெருகவே விடாது, ஊசி பிடிக்காது. அது முழுதும் கரையட்டும் என்று ஒரு வயது தாண்டும்வரை காத்திருந்தால், நோய் சுற்றும் ஊரில் அதற்குள் தட்டம்மையே வந்துவிடலாம். அதனால்தான் ஒன்பது மாதம். அந்த வயதில் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்கு ஊசி பிடிக்கும்.

மீதி 15 பேர் யாரென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாவது ஊசி முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

[திரையில்: நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, சுற்றிலும் 15 புள்ளிகள்.]

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். யாருக்குமே எதிர்ப்பு இல்லாத ஊரில் தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். 15 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஒரே ஊசி போட்டாலும் 85 சதவீதம்தான் பாதுகாப்பு. பதினைந்தில் இரண்டுக்கு மேல் மாட்டும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரண்டு ஊசியும் போட்டால் பாதுகாப்பு சுமார் 97 சதவீதம். அப்போது பதினைந்தில் அரை ஆள்கூட மாட்டாது. தொற்று அத்தோடு அணைந்துபோகும். ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தையையும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையையும் காப்பது இந்த வித்தியாசம்தான்.

[திரையில்: குப்பி, கரைப்பான், குளிர்பெட்டி.]

மருந்து கெட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். எம்.ஆர். மருந்து பொடியாக வரும்; 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மூடிமேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி வேண்டாம். திறந்தால் மூடியோடு அடையாளமும் போய்விடும், ஆகவே முதலிலேயே பார்க்க வேண்டும்.

அதனுடன் வந்த கரைப்பானையும் முன்கூட்டியே குளிர வைத்துத்தான் கலக்க வேண்டும். கலந்தபின் நான்கு மணி நேரம்தான். வெயிலும் சூடும் வைரஸைக் கொன்றுவிடும். கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் இதில் இல்லாததால், தாமதமானால் குப்பிக்குள் பாக்டீரியா பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். கலந்த நேரத்தைச் செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். அளவு 0.5 மி.லி., வலது மேற்கையில், தோலுக்கு அடியில்.

சில குழந்தைகளுக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலோ லேசான தடிப்போ வந்து தானே போகும். சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

[திரையில்: அட்டையில் காலியாக இருக்கும் இரண்டாவது கட்டம்.]

தவறிவிட்டதா? ஐந்து வயதுவரை அரசு மையத்திலேயே போடலாம். இரண்டு ஊசிக்கும் நடுவில் குறைந்தது நான்கு வாரம் இருக்கட்டும். ஊசி போடாத குழந்தை தட்டம்மை வந்தவர் பக்கத்தில் இருந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால்கூட நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. அன்றைக்கே கிளம்புங்கள்.