செத்தவர் மேல் பழி போடாதீர்கள்!

நடுவர் அவர்களே, வணக்கம். விவசாய நிலத்தில் குடும்பச் சண்டை வர யார் காரணம்? உயில் எழுதாமல் போன பெரியவரா, பிரித்துக்கொள்ளாமல் இழுத்தடிக்கும் பிள்ளைகளா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணி அண்ணன் பெரியவரை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார் என்ற தைரியம்! சரி, அவருக்கு வக்கீலாக நான் வந்திருக்கிறேன்.

உயில் இல்லாததால் யாருக்கு எவ்வளவு என்றே தெரியாமல் போய்விட்டது என்றார் அண்ணன். ஏன் தெரியவில்லை? 1956லேயே எழுதி வைத்துவிட்டார்களே! இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த நிலத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீக நிலம் என்றால்? திருமணமாகாத மகள்களுக்கு அதிலும் பங்கு என்று 1989ல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. 2005ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் அது வந்தது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கணக்கு எல்லோருக்கும் தெரியும் நடுவர் அவர்களே. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்பார்கள். நகையைப் பங்கில் கழித்துக்கொள்ளச் சொல்லும் பிரிவு அந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

அப்புறம் என்ன நடக்கிறது? வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறார்கள், ஏதோ கடனுக்குக் கேட்டார்கள் என்று. பட்டா மட்டும் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பும் அவர் பெயரில்தான். ஊரில் இருக்கும் பெரிய பையன் உழுகிறான், வரி கட்டுகிறான். பல வருடம் கழித்து, "நான்தானே பாடுபட்டேன், இது என் நிலம்" என்கிறான். பாடுபட்டது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பங்காளி அனுபவித்தால், அது எல்லாப் பங்காளிகளுக்கும் சேர்த்து அனுபவித்ததாகத்தான் சட்டம் பார்க்கும். இதற்குள் ஒரு தங்கை இறந்திருப்பாள். அவள் இடத்தில் அவள் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். மூன்று கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியது பத்துக் கையெழுத்தாகும். அதில் ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை.

அண்ணன் ஒன்று சரியாகச் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் சொல்லுமே தவிர, எந்த மூன்றில் ஒன்று என்று சொல்லாது. சண்டையே அங்கேதான். தார்ச்சாலையை ஒட்டிய பக்கம் யாருக்கு? கிணறு விழுந்த பாகம் யாருக்கு? பின்பக்கப் பங்கு கிடைத்தவன் வண்டி ஓட்டிப் போக எவன் நிலத்தில் பாதை விடுவது? உயில் இருந்தால் இதை அப்பாவே சொல்லியிருப்பார்தான். ஆனால் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசி, சர்வேயரை வைத்து அளந்து, கிணற்றுத் தண்ணீருக்கு முறை போட்டு, பாதையையும் எழுதிப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதியலாமே! யார் தடுத்தார்?

உயில் இருந்தால் மட்டும்? பூர்வீக நிலத்தில் அப்பா தன் பங்குக்குத்தான் உயில் எழுத முடியும். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். எழுதும்போது அப்பாவுக்குச் சுயநினைவு இருந்ததா, கையெழுத்து அவருடையதுதானா என்று அதிலேயே ஒரு வழக்கு வரும். பங்கு குறைந்தவன் எந்த உயிலைக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறான்?

வெளியாளுக்கு விற்றுவிடுவார்களே என்ற பயத்துக்கும் சட்டத்தில் மருந்து இருக்கிறது. வாரிசாக வந்த பங்கை ஒருவர் விற்க நினைத்தால், வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு. அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவனுக்குப் பிடிக்காத ஆளாகப் பார்த்து முன்பணம் வாங்கிவிட்டு வருவார்கள்!

அண்ணனுக்கு மறுபடி மைக் கிடைக்கும்போது எனக்கு இந்த ஒரு பதில் போதும், நடுவர் அவர்களே. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியது இறந்துபோன அப்பாவா, இருக்கிற பிள்ளைகளா?