த்சாத் மொழியில் தொனிகள் பிறந்த விதம்

எல்லோருக்கும் வணக்கம்.

மலாய் கொஞ்சம் தெரிந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். மலாயில் ஐந்துக்கு ‘லிமா’, கண்ணுக்கு ‘மாத்தா’. சீனாவின் தென்கோடியில் ஹைனான் தீவு இருக்கிறது. அதன் தெற்கே, சன்யா நகரையொட்டிய இரண்டு கிராமங்களில் ஐந்துக்கு ‘மா’ என்பார்கள், கண்ணுக்கு ‘தா’ என்பார்கள். சொல்லின் முன்பாதி உதிர்ந்துவிட்டது. அந்த மொழிதான் த்சாத். பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்.

இவர்களின் முன்னோர் இன்றைய நடு வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் சாம் மக்கள். 982இல் வியட்நாமியப் படை சம்பாவின் தலைநகரைச் சூறையாடியது. 986இல் அங்கிருந்து ஒரு கூட்டம் ஹைனானுக்கு வந்து சேர்ந்ததாகச் சீனாவின் சோங் வம்ச வரலாறு குறிப்பிடுகிறது. இவர்கள் முஸ்லிம்கள். அதனால் அரசுப் பதிவேட்டில் ‘ஹுய்’ இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். தனி இனமாகப் பெயர் இல்லை. இந்த மொழி சாம் மொழியின் உறவு என்று 1941இல் எழுதியவர் மொழியியலாளர் பால் பெனடிக்ட்.

சரி, ஒலிக்கு வருவோம். மலாயும் சாம் மொழியும் ஒரே மொழிக்குடும்பம். மலாயில் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் உயரம், கிடையாது. சாம் மொழிகளுக்கு நெருங்கிய உறவான சுமத்ராவின் ஆச்சே மொழியிலும் கிடையாது. த்சாத்தில் ஐந்து தொனிகள்: உயர்ந்தது, நடுவானது, தாழ்ந்தது, ஏறுவது, இறங்குவது. ‘ஸா’ என்று நடுக்குரலில் சொன்னால் ஒன்று என்ற எண். அதையே உயர்த்திச் சொன்னால் ஈரம்.

சீனர்களோடு ஆயிரம் ஆண்டு பழகினார்கள், தொனி ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரத்துக்கு மலாய்ச் சொல்லைப் பாருங்கள்: ‘பாசாஹ்’. கடைசியில் ஒரு மூச்சொலி இருக்கிறது. அந்த ‘ஹ்’ வரும் இடத்தில் த்சாத் பேசுவோரின் குரல் சற்று மேலே போயிருக்கிறது. பிறகு ‘ஹ்’ மறைந்தது, குரலின் உயரம் மட்டும் தங்கிவிட்டது. நான்குக்கு மலாயில் ‘அம்பாட்’. அந்த ‘ட்’டுக்காகத் தொண்டை இறுகும்போது குரல் ஏறியது. இன்று த்சாத்தில் நான்கு என்பது ஏறு தொனியில் ஒரே ஒரு ‘பா’.

தாழ்ந்த தொனியின் கதை இன்னும் அழகானது. ‘பல்’, ‘பஸ்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான், ஆனால் ‘பஸ்’ஸின் முதல் ஒலியில் தொண்டை அதிர்கிறது. இப்படி அதிரும் ஒலிக்குப் பின் வரும் உயிரொலி கொஞ்சம் தாழ்வாகவே ஒலிக்கும். மனிதத் தொண்டையின் இயல்பு அது. பழைய சொற்களில் அதிர்வு மூச்சாக மாறிக் கடைசியில் போய்விட்டது. தாழ்வு நின்றுவிட்டது. மலாயில் இரண்டுக்கு ‘டுவா’. முதல் ஒலி அதிர்வது. த்சாத்தில் அதே சொல், அதிராத, மூச்சு கலந்த ‘த’வோடு தாழ்ந்த தொனியில் வருகிறது.

ஆக, ஐந்து தொனிகளில் நடுவானது தவிர மற்றவை எல்லாம் சாம் மொழி தானே தொலைத்த மெய்யொலிகள் விட்டுப்போனவை. ஹைனானின் லி மொழிகளும் சீன மொழிகளும் தொனிகளுக்குச் செவியைப் பழக்கின. ஓரசைச் சொல்லுக்கு நாவையும் பழக்கின. சரக்கு மட்டும் சொந்தச் சரக்கு. 1990களில் கிரகாம் தர்குட் என்ற மொழியியலாளர் இதைச் சொல் சொல்லாக எடுத்துக் காட்டினார். இதைச் ‘சீனமயமான சாம்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன்.

இன்று சன்யா பெரிய சுற்றுலா நகரம். பள்ளியும் வேலையும் மாண்டரினில். த்சாத்துக்கென்று எழுத்து வழக்கமும் இல்லை. ‘ஸா’ என்று காகிதத்தில் எழுதினால் ஒன்றா, ஈரமா என்று தெரியாது. அதனால் சொற்பட்டியல் மட்டும் போதாது. அங்குள்ள பெரியவர்களும் பிள்ளைகளும் பேசுவதைக் குரலாகவே பதிவு செய்ய வேண்டும். தனிச் சொற்களாக மட்டும் இல்லாமல் சந்தைப் பேச்சாக, சண்டையாக, கதையாக. அந்த வேலைக்குப் பணமும் ஆளும் இப்போதே வேண்டும்.