ஓபோவில் ஒரு பாடகி: லூட்விக் ஆகஸ்ட் லெப்ரூன்

(திரையில்: பழைய லண்டன் ஓவியம்)

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் சார்ல்ஸ் பர்னி என்றொரு இசை வரலாற்றாசிரியர் இருந்தார். ஒரு பாடகியைப் பற்றி எழுதும்போது அவர் ஒரு குறை சொல்கிறார். குரல் சுருதியில் நிற்கிறது, மேல் ஸ்தாயியில் எங்கேயோ போகிறது, ஞானமும் நிறைய. ஆனால் ஓபோ என்ற ஊதுகருவி வாசிக்கும் கணவரோடு ஊர் ஊராகப் போனதில் வேறு எதையுமே காதில் வாங்கவில்லை போலிருக்கிறது, இருவரும் சேர்ந்து பிருகாக்களை உதிர்க்கும்போது எது மேலே எது கீழே என்றே பிரிக்க முடியவில்லை என்கிறார்.

அந்தப் பாடகி ஃபிரான்சிஸ்கா டான்சி. கணவர் ஓபோ கலைஞரும் இசையமைப்பாளருமான லூட்விக் ஆகஸ்ட் லெப்ரூன். பர்னி குறை என்று சொன்ன அந்த இடத்திலிருந்துதான் லெப்ரூனைக் கேட்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

(திரையில்: ஜெர்மனி வரைபடம், மன்ஹைம்)

லெப்ரூன் 1752-இல் மன்ஹைம் நகரில் பிறந்தார். அப்பாவும் ஓபோ கலைஞர்தான், ஆட்சியாளர் கார்ல் தியோடோரின் அரண்மனை இசைக்குழுவில் இருந்தவர். மகன் 12 வயதில் அதே குழுவுக்குள் வந்து, 15 வயதில் முழு உறுப்பினராகிவிட்டார். அந்தக் குழு சாதாரணக் குழு இல்லை. மெல்லிய ஒலியில் தொடங்கி, அத்தனை வாத்தியங்களும் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து உச்சத்துக்குப் போகும் அவர்களுடைய பாணியைப் பற்றி ஐரோப்பா முழுக்கப் பேச்சு. படைத் தளபதிகள் மட்டுமே சேர்ந்த ஒரு படை என்று இதே பர்னி அவர்களைப் பாராட்டியிருக்கிறார்.

ஓபோவைப் பார்க்காதவர்களுக்கு: நாதஸ்வரத்தின் சீவாளி மாதிரி இதிலும் இரட்டை நாணல் பட்டை, அதை உதட்டில் பிடித்து ஊதுவார்கள். ஆனால் ஒலி நாதஸ்வரத்தை விட ரொம்ப மெலிது. இன்றைய ஓபோவில் உடல் முழுக்க உலோகச் சாவிகள் இருக்கும், அன்றைக்கு மரக்குழலில் பெரும்பாலும் இரண்டே சாவிகள். மற்றதெல்லாம் விரலும் உதடும் மூச்சும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1778-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. முந்தைய வருஷக் கடைசியில் பவேரியாவுக்கும் ஆட்சியாளராகியிருந்த கார்ல் தியோடோர் அரண்மனையை மியூனிக்குக்கு மாற்ற, குழுவில் பெரும்பாலோரும் அங்கே போனார்கள். அதே வருஷம் லெப்ரூன், ஃபிரான்சிஸ்காவை மணந்தார். அவர் செலோ கலைஞர் ஒருவரின் மகள், இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் டான்சியின் அக்கா. அந்த ஆகஸ்டில் மிலானில் லா ஸ்காலா அரங்கம் திறந்தபோது இசையமைப்பாளர் சாலியேரியின் ஓபராவில் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) பாடியவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் லண்டன். அங்கே கெய்ன்ஸ்பரோ அவரை ஓவியமாக வரைந்தார். ஃபிரான்சிஸ்காவே எழுதிய சொனாட்டாக்களும் (ஓரிரு வாத்தியங்களுக்கான இசைப் படைப்புகள்) அங்கே அச்சாயின. கணவரின் பின்னால் நின்ற மனைவி என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள், பல ஊர்களில் கூட்டம் வந்ததே அவருக்காகத்தான்.

(திரையில்: வியன்னா, 1785)

எவ்வளவு கூட்டம் என்று கேட்டால் இசையமைப்பாளர் மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. 1785-இல் மகனைப் பார்க்க வியன்னா போயிருந்தவர், இந்தத் தம்பதியின் மூன்று கச்சேரிகளுக்கு வசூல் 1100, 900, 500 குல்டன் (அன்றைய நாணயம்) என்று எழுதுகிறார். அப்போது மொசார்ட் இருந்த பெரிய வீட்டின் வருஷ வாடகையே 460 குல்டன்தான்! அதாவது முதல் கச்சேரியின் வசூல் மட்டும் இரண்டு வருஷ வாடகையைத் தாண்டுகிறது.

அப்படியிருந்தும் லெப்ரூனை உலகம் ஏன் மறந்துபோனது? அவருக்கு ஆயுசு போதவில்லை. 1790 டிசம்பரில் பெர்லினில் இறந்தபோது வயது 38. அடுத்த மே மாதம் ஃபிரான்சிஸ்காவும் அங்கேயே இறந்தார். லெப்ரூன் எழுதிய ஆறு ஓபோ கான்சர்ட்டோக்கள் (ஒரு தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) அவர் இறந்த பிறகுதான் ஓஃபன்பாக்கில் ஆந்த்ரே பதிப்பகத்தில் அச்சாயின. இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. லெப்ரூனின் அரண்மனைக் குழுவிலேயே இருந்த ஓபோ கலைஞர் ஃபிரீட்ரிக் ராமுக்காக 1781-இல் மொசார்ட் ஒரு குவார்ட்டெட் (நான்கு வாத்தியங்களுக்கான இசை) எழுதினார், ராமின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. லெப்ரூனுக்கு அப்படி ஒரு மொசார்ட் வாய்க்கவில்லை, தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொண்டார்.

(இசை: டி மைனர் கான்சர்ட்டோ, முதல் பகுதி)

லெப்ரூனின் இந்த டி மைனர் (அது அமைந்த ஸ்வர வரிசையின் பெயர்) கான்சர்ட்டோவைக் கேளுங்கள். குழு கொந்தளிப்போடு தொடங்குகிறது, மன்ஹைமின் முத்திரை அது. பிறகு ஓபோ வருகிறது. வேகமான இடங்களில் விரல் வித்தை ஏராளம், ஆனால் என்னைக் கட்டிப்போடுவது நடுவில் வரும் 'கிராவே' என்ற மெதுவான பகுதிதான். ஓபரா மேடையில் ஒரு சோப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பாடகி) தனியாக நின்று பாடுவது போன்ற நீண்ட வரிகள், எங்கே மூச்சு விடுவது என்று பாடகிக்குத் தெரிவது மாதிரியே அமைந்திருக்கின்றன. பர்னிக்குக் குரலில் ஓபோ கேட்டது. எனக்கு இந்த ஓபோவில் குரல் கேட்கிறது. ஒரே வீட்டில் இரண்டும் சேர்ந்து வளர்ந்த இசை வேறு எப்படி இருக்கும்?

ஹைன்ஸ் ஹோலிகர் வாசித்த பதிவு இருக்கிறது, பார்ட் ஷ்னீமன் வாசித்ததும் இருக்கிறது. ஹோலிகரின் டி மைனரில் தொடங்குங்கள், ஹெட்போனில், 'கிராவே' முடியும்வரை நிறுத்தாமல்.